செம்மண் பொட்டு

தாராபுரத்துக்குத் தெற்கே தோட்ட வேலை செய்துவந்த நாச்சாத்தாள், 1986ஆம் ஆண்டு கார்த்திகையில் எனக்குச் சொன்ன கதை இது.

ஒரு தோட்டத்தில், விதைக்கென்று விட்ட சாம்பல் பூசணிக்குச் செம்மண்ணால் பொட்டு வைத்திருந்தார்கள். பொட்டிட்ட காயை எவரும் பறிப்பதில்லை. ஆயுத பூசைக்கு முந்தைய நாள் அரிவாள் அங்கே வந்தது. திருஷ்டி கழித்து உடைப்பதற்குச் சந்தையில் பூசணி போதவில்லை. காய் பெரிதாக இருந்தால் விலையும் பெரிதாக இருந்தது.

"நாங்க பிஞ்சுங்கண்ணா, எங்களை வித்தா என்ன கிடைச்சிரும்? அக்காளைப் பாருங்க, எத்தனை பெருசு!" என்றன சிறு காய்கள்.

"அவளுக்குப் பொட்டு வச்சிருக்குதே?" என்றது அரிவாள்.

"தொடைச்சாப் போயிருமுங்க."

"அடியே, அடுத்த வருசத்துத் தோட்டமே என் வயித்துலதான் இருக்குது" என்றது பெரிய பூசணி.

"அடுத்த வருசம் இன்னிக்குச் சந்தையில என்ன விலைக்குப் போகுதுங்கக்கா?" என்று கேட்டபடியே அரிவாள் காம்பை அறுத்தது. சிறு காய்கள் சிரித்தன.

அன்று சந்தையில் அதற்கே அதிக விலை. மறுநாள் ஒரு பட்டறை வாசலில் அதை உடைத்தார்கள். குங்குமம் தோய்ந்த விதைகள் வண்டிச் சக்கரங்களில் நசுங்கின. அம்மாதம் முடியுமுன் சிறு காய்களும், விதை முற்றாமலே, விற்றுத் தீர்ந்தன. அடுத்த பருவத்தில் அரிவாள் அந்த நிலத்தில் புல் அறுத்தது.

காங்கயம் பக்கத்தில் சொல்பவர்கள், ஒரு விதை சாலையோரத்தில் முளைத்ததாக முடிக்கிறார்கள். அது காய்த்ததா என்று மூவரிடம் கேட்டேன். இருவர் பேச்சை மாற்றினார்கள். மூன்றாமவர், "அது ஆடு போற தடமுங்க" என்றார்.