ஏழாவது குழி

ஐந்து நாள், ஐந்து கடலோர கோல்ஃப் மைதானங்கள், ஒரே கார். கடைசி நாளுக்கு எஃபி தன் ஊர் மைதானத்தையே வரைபடத்தில் வட்டமிட்டதும், பயணக் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஓய்வுபெற்ற வக்கீல் நினியன் நிமிர்ந்தார்.

"இது உங்களைத் துரத்திவிட்ட இடமாச்சே?"

"ஆமா. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா வளைச்சுப் போட்டுட்டான். முப்பது வருஷம் அந்தப் புல்லை வெட்டினவ நான், விட்டுடுவேனா?"

"கேஸ் போட்டிருக்கலாமே!"

"கோர்ட்டுக்கு வர்ற ஆளாய்யா அவன்?"

"அவன் இருக்கும்போது போனா வம்பாயிடும், எஃபி."

"பத்து மணிக்கு விலகுவான். பன்னிரண்டுக்குத் திரும்பிடுவான். அதுக்குள்ள ஆடி முடிக்கணும்."

"பார்த்துட்டான்னா?"

"பார்க்கட்டுமே! எனக்கென்ன பயமா?"

நினியன் பேனாவைத் திறந்தார். "பேரைச் சொல்லுங்க. இன்னிக்கே நோட்டீஸ் அனுப்பறேன்."

எஃபி தன் வீட்டு ஜன்னலைத் திறந்தார். உப்புக்காற்று வரைபடத்தைத் தூக்கியடித்தது. எதிரே, அதே மைதானத்துப் புல்வெளியின் ஓரத்தைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது கடல்.

"இவனுக்குத்தான். அனுப்பு, பார்ப்போம்!" என்றபடி, கடல் உள்வாங்கும் நேரங்கள் அச்சிட்ட சிறு புத்தகத்தையும் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸையும் நினியன் முன்னால் வைத்தார்.

"ஏழாவது குழி இவன் வயித்துல கிடக்கு. அதே இடத்துல குழிக்கொடியை நடப்போறேன். பிடுங்கினா பிடுங்கட்டும், அடுத்த வருஷமும் வந்து நடுவேன்."