குறை சொன்னால் போதும்

"மேடம், இது மறுசுழற்சித் தோட்டம்!"

முதல் குழு பெருமையோடு நின்றது. பிளாஸ்டிக் பாட்டில்களை வெட்டி, வரிசையாகச் செடி நட்டிருந்தார்கள்.

பேராசிரியை ஒரு பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். லேபிள்கூடக் கசங்கவில்லை.

"இவ்வளவு பாட்டில் எங்கே கிடைச்சுது?"

"கடையில வாங்கினோம், மேடம்."

"உள்ளே இருந்த தண்ணி?"

"கொட்டிட்டோம்."

பேராசிரியை தலையில் அடித்துக்கொண்டார். 'வீணாப் போற பொருளை வெச்சு, நிஜமான ஒருத்தருக்கு உதவுற மாதிரி ஒண்ணு செய்யுங்க' என்று முதலாம் ஆண்டுப் பொறியியல் வகுப்பில் தொண்டை கிழியக் கத்தியதற்கு இதுதான் பலன்.

முட்டிவலியோடு இரண்டு மாடி ஏறி வந்தது இதைப் பார்க்கத்தானா? வருஷக்கணக்கில் மனுக் கொடுத்த பிறகு, படிக்கட்டுச் சுவரில் போன வாரம்தான் கைப்பிடி போட்டிருந்தார்கள். ஆபீஸ்காரர்களுக்கு இப்போதாவது புத்தி வந்ததே!

"அடுத்த குழு!"

கடைசி பெஞ்சிலிருந்து நெட்டையனும் வாயாடியும் வந்தார்கள். வெறுங்கையோடு.

"ப்ராஜெக்ட் எங்கே?"

"செஞ்சு முடிச்சாச்சு, மேடம். கொண்டு வரத்தான் முடியாது" என்றாள் வாயாடி. "ஒருத்தங்க தினமும் பயன்படுத்துறாங்க."

"யாரு?"

நெட்டையன் தலையைச் சொறிந்தான். "சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க? நாங்க செஞ்சோம்னு தெரிஞ்சா, மனசு நோகக் கூடாதுன்னு நல்லா இருக்குன்னு சொல்லிடுவாங்க. அவங்களா ஒரு குறை சொன்னாத்தான் சோதனை முடிஞ்சுதுன்னு அர்த்தம்னு..."

"எனக்கே காது குத்துறீங்களா? ஒரு போட்டோவாவது இருக்கா?"

"போட்டோ பார்த்தா ஆள் யாருன்னு தெரிஞ்சுடுமே, மேடம்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பேராசிரியைக்குக் காது சிவந்துவிட்டது.

"சாயங்காலத்துக்குள்ள அந்த ஆளை என் முன்னாடி நிறுத்துங்க. இல்லேன்னா ரெண்டு பேருக்கும் முட்டைதான்!"

நெட்டையன் வாயாடியைப் பரிதாபமாகப் பார்த்தான். "சொல்லித் தொலைச்சிடலாமா?"

"மூச்சு விடாதே. சோதனை கெட்டுடும்."

மணி அடித்தது. பேராசிரியை முணுமுணுத்தபடியே படி இறங்கினார். வளைவில் வலது முட்டி சுரீரென்றது. கைப்பிடியை இறுகப் பற்றினார்.

அடிப்பக்கத்தில் விரலில் ஏதோ நெருடியது. குனிந்து பார்த்தார்.

பெயின்ட் படாத பழைய மரம். அதில் யாரோ எப்போதோ காம்பஸ் முனையால் கீறியிருந்தது: 'இந்த க்ளாஸ் செம போர்.'

உடைந்த பெஞ்சுப் பலகை!

கைப்பிடியை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, மேல்மாடியைப் பார்த்துக் கத்தினார்.

"ஏய், கடைசி பெஞ்சு! இந்த வளைவுகிட்ட கைப்பிடி ஆடுது. ஸ்க்ரூவை முடுக்கிட்டு வந்து மார்க்கை வாங்கிக்கோங்க!"