கோபக்கார வாடிக்கையாளர்

பெரியவர் கதவைத் திறந்ததும், வட்டமாக உட்கார்ந்திருந்தவர்கள் சடாரென்று எழுந்து "குட்மார்னிங் சார்" என்றார்கள். நான்காம் எண்ணைச் சட்டையில் ஒட்டியிருந்த இளைஞன் மட்டும் எழவில்லை. குனிந்து ஷூ லேஸை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தான்.

"உட்காருங்க. நானும் இன்டர்வியூவுக்குத்தான் வந்திருக்கேன்" என்றார் பெரியவர்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் சட்டையில் பத்தாம் எண்ணை ஒட்டினார்கள்.

போனில் புகார் கேட்கிற வேலை. முப்பத்தைந்து வருடம் ஒரு கம்பெனியில் தலைமை எழுத்தராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர் அவர். பென்ஷன் கிடையாது, இந்த வேலை கிடைத்தாக வேண்டும். வீட்டில் சொல்லாமல் வந்திருந்தார்.

தேர்வு நடத்திய பெண்ணுக்கு மிஞ்சினால் முப்பது வயதிருக்கும். "முதல்ல கூச்சம் போகணும். கையைத் தட்டிக்கிட்டே உங்களுக்குப் பிடிச்ச மிருகத்தைச் சொல்லுங்க!"

"யானை" என்று சொல்லிக் கைதட்டியபோது பெரியவரின் காது மடல்கள் சிவந்துவிட்டன. நான்காம் எண் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

"அடுத்து ஜோடி ஜோடியா நடிக்கணும். ஜோடிக்கு ஒருத்தரைத்தான் எடுப்போம். நாலும் பத்தும் வாங்க! பத்து கோபக்காரக் கஸ்டமர். வாங்கின வாஷிங் மெஷின் ஓடல. நாலு சமாதானம் பண்ணணும்."

இருவரும் எதிரெதிரே நின்றார்கள்.

"மெஷின் ஓடலை" என்றார் பெரியவர், தரையைப் பார்த்து.

"கோபமா சார்! சாமி கும்பிடற மாதிரி சொல்றீங்களே!"

அறையே சிரித்தது. பெரியவர் நிமிர்ந்தார்.

"ஆறு மாசமா நல்லா ஓடுது, நல்லா ஓடுதுன்னு சொல்லியே நம்ப வெச்சியே! பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் பெருமையா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே! இனிமே எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நாலு பேர் நடுவுல நிப்பேன்?"

சிரிப்பு நின்றுவிட்டது. இளைஞனின் கண்கள் கலங்கின.

"தப்புதான் சார். மொத நாளே சொல்லியிருக்கணும். வாய் வரலை. உட்காருங்க, கத்தாதீங்க... உங்களுக்கு பிரஷர் ஏறிடும்."

"சூப்பர்!" அந்தப் பெண் கைதட்டினாள். "கஸ்டமர் மேல அக்கறைன்னா இதுதான்! நிஜக் கண்ணீர் பாருங்க! சரி, இப்ப மாத்தி நடிங்க. சார், நீங்க மன்னிப்புக் கேளுங்க."

பெரியவர் பத்தாம் எண்ணைப் பிய்த்து அவள் மேஜையில் வைத்தார்.

"வேண்டாம்மா. மன்னிப்புக் கேக்கிற உத்தியோகம் எனக்குச் சரிப்படாது. இந்தத் தம்பியையே எடுத்துக்குங்க."

"பெருசுக்கு ரோஷத்தைப் பாரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் முணுமுணுத்தது. அவர் திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தார்.

லிஃப்டுக்காக நின்றபோது இளைஞன் ஓடிவந்தான். மூச்சிரைத்தது. தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பெரியவரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

லிஃப்ட் திறந்தது. உள்ளே போய்த் திரும்பி நின்றவர், குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"எப்பவும் போல ஆபீஸ் விட்டு வர்ற நேரத்துக்கே வீட்டுக்கு வா, உங்கம்மாவுக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம்."