அரிசித் தட்டில் ஒரு பெயர்

"உன் பேருக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா?"

பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா வசந்தி பாயி கேட்ட ஒரே கேள்வி அது.

"முறியாததுன்னு அர்த்தம். சம்ஸ்கிருதப் பேரு. முனை ஒடியாத அரிசிக்கும் அதையே சொல்வாங்கன்னு எங்கப்பா சொல்வார்," என்றாள் அட்சதா.

"அரிசியில எழுதுறதெல்லாம் ஒரு தட்டுத் தட்டினா அழிஞ்சிடும்." அவ்வளவுதான் சொன்னாள் வசந்தி பாயி.

இன்று கல்யாணம் முடிந்து சாங்லியில் புகுந்த வீட்டுக்கு வந்தாகிவிட்டது. சாமி முன்னால் தட்டு நிறைய அரிசி. மராட்டிய வழக்கப்படி, கணவன் ஹேமந்த் தங்க மோதிரத்தால் அதில் எழுதப் போகும் பெயர்தான் இனி அவளுக்கு.

"ஹேமாங்கின்னு எழுதுடா," என்றார் மாமனார் வசந்த்ராவ். "வசந்துக்கு வசந்தி, ஹேமந்துக்கு ஹேமாங்கி. எடுப்பா இருக்கும்."

"மாமா, கண்டக்டர் சட்டையில அட்சதான்னுதான் பட்டை குத்தியிருக்கேன். அப்பாதான் இல்ல. அவர் வெச்ச பேராவது இருக்கட்டுமே."

"பட்டை என்ன, வேற குத்திக்கோ. உன் மாமியாரும் வேற பேரோடதான் வந்தா. என்ன தேஞ்சு போயிட்டா?"

"அண்ணி, அது என்ன பேரு?" என்று கேட்டாள் வசந்த்ராவின் தங்கை.

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம்?" என்று வசந்த்ராவே பதில் சொன்னார். வசந்தி பாயி அரிசியைச் சமமாகப் பரப்பிக்கொண்டிருந்தாள்.

ஹேமந்த் அப்பாவைப் பார்த்தான். பிறகு அட்சதாவைப் பார்த்தான். மோதிரத்தை விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டிருந்தான்.

"கொடு இப்படி. நான் எழுதறேன்," என்றாள் வசந்தி பாயி.

"மாமியார் எழுதுற வழக்கம் எந்த ஊர்ல அண்ணி?"

"இந்த ஊர்லதான். இன்னிலேருந்து."

அவள் நிதானமாக எழுதினாள். முதல் எழுத்தே தன் பெயருடையது இல்லை என்று தெரிந்ததும் அட்சதா தலையைக் குனிந்துகொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

வசந்த்ராவ் எட்டிப் பார்த்தார். "சாஸ்வதியா? அப்படின்னா?"

"அழியாதவள்."

"பரவாயில்லையே, ஹேமாங்கியைவிட ஜோரா இருக்கு." மருமகள் பக்கம் திரும்பிச் சிரித்தார். "எங்கே, சாஸ்வதி, முதல் வேலையா எனக்குத் தண்ணி கொண்டா பார்ப்போம்."

"இதோ கொண்டு வரேன்," என்று எழுந்தவள் வசந்தி பாயி.

சொம்பை அவர் முன்னால் நீட்டினாள். "எங்கப்பா வெச்ச பேரு. இதே தட்டுலதான் நீங்க அழிச்சீங்க. இன்னிக்குத் திருப்பி எடுத்துக்கிட்டேன்." பிறகு ஒரு பேடாவை எடுத்து மருமகள் வாயில் ஊட்டினாள். "சாப்பிடு, அட்சதா."

வசந்த்ராவ் தண்ணீரை வாங்கவில்லை. தட்டில் இருந்த பெயரை மறுபடி ஒருமுறை படித்துவிட்டு வெளியே போனார்.