திட்டம் முடியும் நாள்

எருமப்பட்டியில், நடக்க முடியாத குழந்தைகளுக்கான பயிற்சிக் கூடத்தின் தகரக் கூரை வெயிலில் டக் டக்கென்று நெளிகிறது. சென்னை அறக்கட்டளையிலிருந்து வந்த தேவிப்ரியாவின் மடியில் நிதிப் படிவம். போன வருடம் அவர்கள் தந்த நடைப்பயிற்சி இயந்திரம் உறைகூடப் பிரிக்காமல் மூலையில் நிற்கிறது. கருவிக்கு நிதி உண்டு. அதை இயக்குபவருக்குச் சம்பளம் தர விதியில் இடமில்லை. நான்கு மாதமாகச் சம்பளமில்லாமல் வரும் குஞ்சம்மாள் முட்டிபோட்டு, ஐந்து வயது அக்சிலியாவின் மெலிந்த காலைப் பிடித்து ஒவ்வொரு அடியாக நகர்த்துகிறாள். தேவிப்ரியாவால் அந்தக் கைகளிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. “திட்டம் எப்ப முடியும்னு எழுதணும்க்கா.” “இந்தச் சாமி நடந்துட்டா முடிஞ்சுதுங்க,” என்கிறாள் குஞ்சம்மாள், குழந்தையின் காலிலிருந்து நிமிராமல். “அப்பறம் அடுத்த சாமி வந்துருமுங்க.” முடியும் நாளுக்கான கட்டத்தின் மேல் பேனா அப்படியே நிற்கிறது. காலைப் பிடித்திருந்த குஞ்சம்மாளின் கை விலகியது தெரியாமல் அக்சிலியா இன்னொரு அடி வைக்கிறாள்.