எட்டு பத்து பஸ்ஸில் நிழலரசன்

அர்ஃபா கதையைக் கெடுத்துக்கொண்டிருந்தாள். கடைசி சீட்டில் இருந்த நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம்.

ராசிபுரத்தில் எட்டு பத்துக்குக் கிளம்பும் சேலம் பஸ். காலேஜ் போய்ச் சேர்வதற்குள் மொபைல் ஆப்பில் இருக்கும் ஒரு நெடுங்கதையில் தினம் ஒரு அத்தியாயம் முடித்துவிடுவோம். அர்ஃபா போனைப் பார்த்துப் படிப்பாள். வசனம் வந்தால் என் காதில் ஓதுவாள், நான் குரல் கொடுப்பேன். யாரும் வீட்டில் தனியாகத் திறந்து படித்துவிடக் கூடாது. அது எங்கள் சட்டம்.

கதை இதுதான். நிழலரசன் என்று ஒருவன். கறுப்பு இறக்கை, பச்சைக் கண். யாமினி என்ற பெண்ணைத் தூக்கிவந்து கோட்டையில் பூட்டி வைக்கிறான்.

"காதலால்தான் பூட்டினேன், யாமினி."

இதை நான் அடித்தொண்டையில் இழுத்துச் சொன்னால் கண்டக்டர் அண்ணன்கூட விசிலை மறந்துவிடுவார். ஜன்னலோரம் ஜெயப்பிரியா இருப்பாள். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்பாள். அவளுக்கு அது குமரன் குரல்.

குமரன் அவளுடைய மாமா மகன். தையில் கல்யாணம். ரிக் வண்டியோடு போய் போர்வெல் கிணறு போடுகிறவர். ஒடிசா, சத்தீஸ்கர் என்று நாடு பூராவும் சுற்றுவார். ஆனால் ஜெயப்பிரியா எந்த ஸ்டாப்பில் இருக்கிறாள் என்பது அவர் போனில் புள்ளியாக நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். டிராஃபிக்கில் பஸ் நின்றால்கூட போன் வந்துவிடும். 'ஏன் புள்ள, மல்லூர்லயே நிக்கற?' குமரன் குரலும் எனக்கு அத்துப்படி.

கல்யாணத்தோடு காலேஜுக்கு முழுக்கு என்றும் சொல்லிவிட்டார். இவளும் டி.சி. கேட்டு லெட்டர் எழுதி பைக்குள் வைத்துவிட்டாள். அடுத்த திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கள் கொடுக்க வேண்டும். இன்னும் ஒன்றரை வருஷம்தானே பாக்கி, முடித்துவிட்டுப் போயேன் என்று அர்ஃபா கேட்டதற்கு, அவருக்கு அவ்வளவு பாசம் என்று வெட்கப்பட்டாள்.

நாங்களும் அதை மறுக்கவில்லை. நிழலரசனைக் கேட்டுக் கேட்டு, பூட்டுகிறவன்தான் ஆம்பளை என்று எங்களுக்கே தோன்றிப் போயிருந்தது. நான் நிழலரசன் குரலில், லொக்கேஷனை ஆன் செய் யாமினி என்று உறுமினேன். பஸ்ஸே சிரித்தது. அர்ஃபா மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாளிலிருந்துதான் கதை கெட்டது.

யாமினி மயங்குவதை நிறுத்திவிட்டாள். பாதியில் விட்டுவந்த மூலிகைப் படிப்பை நினைத்து அழுதாள். தினமும் இறக்கையை விரித்து வெளியே பறந்துவிட்டு வருகிறவனிடம், இன்றைக்கு என்ன பார்த்தாய் என்று கேட்டாள். உனக்கு எதற்கு அதெல்லாம் என்றான் அவன். மூன்று அத்தியாயமாக ஒரு முத்தம் கிடையாது.

எங்களுக்குப் பொறுக்கவில்லை. இது காதல் கதையா, சமூக அறிவியல் பாடமா என்று நான் எங்கள் பத்தாங்கிளாஸ் டீச்சர் குரலிலேயே கேட்டேன். இருப்பதைத்தானே படிக்க முடியும் என்றாள் அர்ஃபா, போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. யாமினியின் வசனம் வந்தது. கீச்சுக் குரலில் சொன்னேன்.

"கதவைத் திறந்து வைங்க. நான் ஓடிப்போயிட மாட்டேன். ஆனா திறந்து வைங்க."

நிழலரசன் பதிலுக்காகத் தொண்டையைச் செருமிக்கொண்டு காத்திருந்தேன்.

"அவ்வளவுதான். அவனுக்குப் பதில் வரல" என்று அர்ஃபா போனை மூடிவிட்டாள்.

ஜெயப்பிரியா ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை அவள் லெட்டரைக் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையே குமரனுக்குப் போன் போட்டு, டிகிரி முடித்த பிறகுதான் கல்யாணம், இனிமேல் லொக்கேஷனும் கிடையாது என்று சொல்லிவிட்டாளாம். அந்தப் பக்கம் ஒரே கத்தல். மூன்று நாள் போனே இல்லை. வீட்டில் அம்மா சோறு தின்னவில்லை. இவள் எங்களோடு பஸ்ஸில் வந்துகொண்டுதான் இருந்தாள். நாலாம் நாள் அவரே கூப்பிட்டு, பரீட்சை எப்போது என்று மட்டும் கேட்டாராம்.

ஒரு கதைக்கு இவ்வளவு சக்தியா என்று எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எழுதினவர் யாரென்று பார்க்க, சட்டத்தை மீறி அன்றைக்கு சாயங்காலம் வீட்டில் ஆப்பைத் திறந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை அத்தியாயத்தில் யாமினி தன் கையாலேயே கோட்டையைப் பூட்டி, சாவியை நிழலரசன் கழுத்தில் மாலையாகப் போடுகிறாள். கீழே நாற்பதாயிரம் பேர் இதயம் போட்டிருந்தார்கள். மூலிகைப் படிப்பு இல்லை. கதவைத் திறந்து வைக்கச் சொல்லும் வசனம் இல்லவே இல்லை. அந்த வெள்ளி வரைக்கும் எட்டு நாளாக அர்ஃபா வெறும் போனைப் பார்த்துக்கொண்டு, தானாகவே கட்டிக் கட்டிச் சொல்லியிருக்கிறாள்.

நான் சும்மா இருப்பேனா? மறுநாள் காலையில் ஜெயப்பிரியாவின் காதில் போட்டுவிட்டேன். இடிந்துபோய்விடுவாள் என்று பயந்தேன்.

அவள் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"தெரியும்டி. அந்தக் கதைய ஊட்டுல மூணு தடவ ஒளிஞ்சு படிச்சவ நானு. அர்ஃபா மாத்திப் படிச்ச மொத நாளே கண்டுபுடிச்சுட்டேன். எனக்காக ஒருத்தி ராத்திரி முழுக்க உக்காந்து யோசிச்சிருக்காளேன்னுதான் அந்த லெட்டரக் கிழிச்சேன்."