அச்சு நிறையவில்லை

மூன்றாவது தடவையும் பம்பு உடல் அரைகுறையாகத்தான் வந்தது. இரும்புக் குழம்பு அச்சில் பாதி தூரம் ஓடி உறைந்துபோயிருந்தது.

"உங்க கம்ப்யூட்டர் நல்லாத்தான் கணக்குப் போடுதுங்க" என்றார் குப்பண்ணன். முதலமடை மாங்காய் வியாபாரத்தை விட்டுவிட்டு எருத்தேன்பதியில் வார்ப்பட ஆலை வைத்தவர் அவர்.

இன்ஜினியர் வேதமுத்துவுக்கு எரிச்சல் தலைக்கேறியது. குழம்பு ஓடும் வழியின் அகலத்தைக் கண்டுபிடிக்க, சென்னைக் கல்லூரிக் கம்ப்யூட்டருக்குக் கணக்கை ஊட்ட, பெட்டி நிறைய அட்டைகளில் துளை போட்டு இரண்டு மாதம் தவம் கிடந்தவன் அவன். மறுபடி வெறுங்கையோடு போனால், பேராசிரியர் அந்த மிஷின் பக்கமே விடமாட்டார்.

"மணல் நான் சொன்னதுதானே, அண்ணாச்சி?"

"அதேதானுங்க."

"வழி?"

"அரை அங்குலம். நீங்களே அளந்தீங்களே."

"உலைச் சூடு ஆயிரத்து நானூறு டிகிரிதானே? அதை வச்சுத்தான் மிஷின் அரை அங்குலம் போதும்னுச்சு."

குப்பண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆயிரத்து முந்நூறுதானுங்க."

"நானூறுன்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க?"

"மொதல்ல கூட்டித்தானுங்க சொல்லோணும். எப்படியும் ஒரு நூறைக் குறைச்சுக் கேக்கும்னு இருந்தேன். அத்தனை பெரிய மிஷின், ஒரு வார்த்தை பேரம் பேச வேண்டாமுங்களா?"